நாரிநோவுக்கும் ஒரு கணக்கு



எண்பதுகளில் இந்த நாட்டுக்கு வந்த எங்களில் பலர் மீன் தொழிற்சாலையிலும் துப்புரவு வேலையிலும் நாரியை முறித்தவர்கள். காயம் என்றால் காட்டலாம். நாரிநோவை வைத்தியருக்கோ கொமூனுக்கோ எப்படிக் காட்டுவது?

இங்கிலாந்தில் ரோலண்டும் மொரிஸும் 1983இலேயே 24 வசனங்களில் ஒரு பட்டியல் செய்திருந்தார்கள். டென்மார்க்கில் 1994இல் குளவுஸ் மனிக்கெயும் குழுவினரும் தங்களுடைய அளவுகோலை வெளியிட்டார்கள். முதுகு, கால் நோவுக்கு 60 புள்ளி. உடல் அசைவு, முதுகுத்தசையின் தாங்குசக்தி, நோ மாத்திரைப் பாவனை எல்லாம் சேர்த்து 40. அன்றாட வாழ்க்கைக்கு 30. மொத்தம் 130. (கணக்காளன் அல்லவா, கூட்டிப் பார்த்துவிட்டேன்.)

எனக்குப் பிடித்தது அந்த 30தான். 15 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. இரவில் நித்திரை கொள்ள முடிகிறதா? சப்பாத்துப் போட? குனிந்து பல் விளக்க? இரண்டு பை நிறையச் சாமான் தூக்கிவர? வீட்டாருடன் உள்ள உறவை நோ பாதிக்கிறதா என்றுகூட ஒரு கேள்வி. எக்ஸ்ரே படத்தில் இவை விழாது.

எங்கள் ஆட்களோ எதைக் கேட்டாலும் "பரவாயில்லை" என்பார்கள். அந்தப் பதிலுக்குப் புள்ளி பூச்சியம். கூடப் போகும் பிள்ளைகள் அதை அப்படியே டெனிஷில் சொல்லிவிடாமல், காலையில் அம்மாவுக்குச் சப்பாத்துப் போட்டுவிடுவது யார் என்பதையும் சொல்லட்டும்.