மேட்ச் 5 நிமிஷம்தான்... 2 நிமிஷத்துலயே மூச்சு வாங்குவது ஏன்? ஜியு-ஜிட்சு வீரர்களின் 'டைம்' கணக்கு!

மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, என்ட்ரி ஃபீஸ் கட்டி, எடையைக் குறைத்து மேட்டில் ஏறியாச்சு. ரெஃப்ரி கை காட்டியதும் முழு பலத்தோடு பாய்கிறார் வீரர். இரண்டாவது நிமிடத்திலேயே முன்கை கல்லு மாதிரி இறுகிப்போகுது, விரல் மடங்க மாட்டேங்குது. மீதி 3 நிமிடத்தைத் தள்ளுவதே பெரும்பாடு! பிரேசிலியன் ஜியு-ஜிட்சு போட்டிக்கு முதல்முறை போகும் பலருக்கும் இதுதான் நடக்கும். டெக்னிக் தெரிந்தும் நேரத்தைப் பங்கு போடத் தெரியாமல் தோற்பது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு மேட்ச் எத்தனை நிமிடம்?

சர்வதேச பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப் விதிப்படி, பெரியவர்கள் பிரிவில் பெல்ட்டைப் பொறுத்து நேரம் மாறும்.

* வெள்ளை பெல்ட் - 5 நிமிடம்
* நீல பெல்ட் - 6 நிமிடம்
* ஊதா பெல்ட் - 7 நிமிடம்
* பழுப்பு பெல்ட் - 8 நிமிடம்
* கருப்பு பெல்ட் - 10 நிமிடம்

'ஏடிசிசி' போட்டியில் கதையே வேற. அங்கே மேட்ச்சின் முதல் பாதியில் பாயின்ட்டே கிடையாது. அதனால் முதல் பாதியில் சப்மிஷனுக்கு ரிஸ்க் எடுக்கலாம். பாயின்ட் சண்டைக்கு இரண்டாம் பாதியில் தெம்பு மிச்சம் இருக்கணும்.

ஒரு காலத்தில் இந்த நேரக் கட்டுப்பாடே இல்லாத சண்டைகளும் நடந்தன. 1955-ல் ரியோ டி ஜெனிரோவில் ஹீலியோ கிரேசியும், அவரது முன்னாள் மாணவர் வால்டெமார் சன்டானாவும் மோதியது மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் நீடித்தது. கடைசியில் தோற்றது குருதான்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் களைப்பு?

முழு வேகத்தில் இயங்க உடலில் இருக்கும் உடனடி சக்தி சுமார் 10 நொடிகளுக்குத்தான் வரும். அதன்பிறகும் அதே வேகத்தில் போனால் ஓரிரு நிமிடங்களில் தசை எரிய ஆரம்பிச்சிடும். மூச்சை நம்பி நிதானமாக வேலை செய்யும் ஏற்பாடுதான் நீண்ட நேரத்துக்குத் தாங்கும்.

இதில் கைப்பிடி இன்னொரு சிக்கல். எதிராளியின் உடையை விடாமல் இறுக்கிப் பிடிக்கும்போது முன்கைத் தசைக்குள் ரத்த ஓட்டம் குறையும். பதற்றத்தில் மூச்சை அடக்கினால் முடிஞ்சது கதை. அதனால்தான் "தேவைப்படும்போது மட்டும் இறுக்கு, தள்ளும்போது மூச்சை வெளியே விடு" என்று பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

பாயின்ட்டுக்கு 3 நொடி!

எதிராளியைக் கீழே தள்ளினால் (டேக்டவுன்) 2 பாயின்ட். கீழிருந்து புரட்டி மேலே வந்தால் (ஸ்வீப்) 2. வயிற்றில் முழங்காலை வைத்து அழுத்தினால் 2. எதிராளியின் கால்களைத் தாண்டி பக்கவாட்டில் வந்தால் (கார்டு பாஸ்) 3. மேலே ஏறி உட்கார்ந்தால் (மவுண்ட்) 4. முதுகைப் பிடித்தாலும் 4.

ஆனா ஒரு நிபந்தனை. அந்த நிலையை 3 நொடி நிலையாக வைத்திருந்தால்தான் பாயின்ட். மணி அடிக்க 2 நொடி இருக்கும்போது ஸ்வீப் பண்ணினால் 2 பாயின்ட் வராது. அதிகபட்சம் 'அட்வான்டேஜ்'தான் கிடைக்கும். பாயின்ட் சமமாக இருந்தால்தான் அட்வான்டேஜ் கணக்குக்கு வரும். அதனால் கடைசி முயற்சியைக் கடைசி நொடிக்கு வைக்கக் கூடாது. குறைந்தது 20, 30 நொடி மிச்சம் இருக்கும்போதே தொடங்கணும்.

முன்னிலையில் இருந்தால் சும்மா பிடிச்சுக்கிட்டு இருக்கலாமா?

முடியாது. கபடியில் தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பினால் அடுத்தது 'டூ ஆர் டை' ஆவது போல, இங்கேயும் நேரம் கடத்துபவருக்கு கிடுக்கிப்பிடி உண்டு. 20 நொடி முன்னேற முயற்சியே செய்யாமல் இருந்தால் ரெஃப்ரி பெனால்டி கொடுப்பார். முதல் பெனால்டி பதிவு மட்டும். இரண்டாவதுக்கு எதிராளிக்கு ஒரு அட்வான்டேஜ். மூன்றாவதுக்கு எதிராளிக்கு 2 பாயின்ட். நான்காவது வந்தால் தகுதி நீக்கம்!

2-0 என்று முன்னிலையில் இருப்பவர் கடைசி ஒன்றரை நிமிடம் அசையாமல் கிடந்தால், அந்த முன்னிலையே காணாமப் போகலாம். பாதுகாப்பான நிலையில் இருந்துகொண்டே சின்னச் சின்ன தாக்குதல்களைத் தொடர்வதுதான் சரியான வழி.

5 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது?

முதல் நிமிடம்: நமக்குப் பிடித்த பிடியை முதலில் எடுப்பதுதான் இலக்கு. முதல் 2 பாயின்ட் யாருக்குப் போகுதோ, அவசரப்பட வேண்டியது மற்றவர் ஆகிவிடுவார்.

நடு 3 நிமிடம்: வெடிக்கும் வேகம் 10 நொடி, அப்புறம் நிதானம். பக்கவாட்டிலோ மவுண்ட்டிலோ இருந்தால் கை பலத்தைக் குறைத்து உடல் எடையை எதிராளி மேல் சாய்க்கணும். நாம ஓய்வெடுக்கும் அதே நேரத்தில் அவர் நம்மைச் சுமந்து களைப்பார்.

கடைசி நிமிடம்: ஸ்கோர்தான் முடிவு செய்யும். 2 பாயின்ட் பின்தங்கி இருந்தால் ஒரு ஸ்வீப் போதும், சமன் ஆகிடும். 4 பின்தங்கி இருந்தால் முதுகு, மவுண்ட் அல்லது சப்மிஷன் பக்கம் போகத்தான் வேண்டும்.

கீழே மாட்டிக்கொண்டு இருப்பவருக்குக் கடிகாரம் கண்ணில் படாது. அதனால் மேட் ஓரத்தில் இருக்கும் கோச் "ஒன்றரை நிமிஷம் இருக்கு, ரெண்டு பாயின்ட் பின்னாடி" என்று நேரத்தையும் ஸ்கோரையும் சேர்த்துச் சொல்லணும். ஜிம்மிலேயே "1 நிமிடம் மிச்சம், 2 பாயின்ட் பின்தங்கல்" என்று வைத்துக்கொண்டு ரவுண்ட் போட்டுப் பழகினால் போட்டியில் பதற்றம் குறையும்.

ஒரே நாளில் எத்தனை மேட்ச்?

நாக்-அவுட் முறை என்பதால், தங்கம் வரை போக ஒரே நாளில் 4, 5 மேட்ச் ஆட வேண்டி வரலாம். இரண்டு மேட்ச்சுக்கு நடுவே குறைந்தது ஒரு மேட்ச் நேரமும், ஃபைனலுக்கு முன் அதைப்போல இரண்டு மடங்கும் ஓய்வு உண்டு. வெள்ளை பெல்ட் என்றால் 5 நிமிடம், ஃபைனலுக்கு முன் 10 நிமிடம். முதல் மேட்ச்சிலேயே கையை எரித்துவிட்டால் அந்த 5 நிமிடத்தில் அது பழைய நிலைக்குத் திரும்பாது. முதல் மேட்ச்சுக்கு முன் வியர்க்கும் அளவுக்கு வார்ம்-அப் செய்வதும் அதனால்தான் முக்கியம்.

'இன்னும் 10 நொடிதானே'... இதுதான் ஆபத்து!

கடைசி நொடிகளில் கை மூட்டுப் பூட்டில் மாட்டும்போது, "டைம் முடியப்போகுது, தாங்கிக்கலாம்" என்று தோன்றும். முழுசாக விழுந்த ஆர்ம்பார் முழங்கையைச் சேதப்படுத்த ஒரு நொடி போதும். சரியாக விழுந்த கழுத்துப்பிடியில் 10 நொடிக்குள்ளேயே நினைவு தப்பலாம். நினைவு தப்பினால் மேட்ச்சும் தோல்விதான். பிடி முழுசாக விழுவதற்கு முன்புதான் தப்பிக்கப் போராட வேண்டும். விழுந்துவிட்டால், கடிகாரத்தில் 2 நொடியே மிச்சம் இருந்தாலும் கையால் தட்டி 'டேப்' கொடுத்துவிடுவதுதான் சரி. தோற்ற மேட்ச்சை அடுத்த போட்டியில் ஈடுகட்டலாம், உடைந்த முழங்கையோடு மாதக்கணக்கில் மேட் பக்கமே போக முடியாது.