நீரின் இயல்பும் கருவியின் தெரிவும்: மூழ்குதொழில் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1. முன்னுரை

கடலடியில் தொழில் செய்தோரின் வரலாறு பெரும்பாலும் அவர்தம் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கல்லைப் பற்றி மூழ்கிய காலம், செப்புத் தலைக்கவசம் அணிந்து நடந்த காலம், காற்றுச் சிலிண்டரை முதுகிற் சுமந்து நீந்திய காலம் என அது மூன்று படிகளாக வகுக்கப்படும். பின்வந்த ஒவ்வொரு படியும் முன்னையதிலும் மேலானது, ஒவ்வொன்றும் மனிதனை இயற்கையின் பிடியிலிருந்து மேலும் விடுவித்தது என்பதே அவ்வரலாற்றின் உட்கிடை.

இந்நோக்கு முற்றிலும் பிழையானதென்று கூறுவதற்கில்லை. ஆயின், அது இரு வினாக்களை எழுப்பத் தவறுகின்றது. எந்த நீருக்கு எந்தக் கருவி பொருத்தமாயிற்று என்பது ஒன்று. அக்கருவியைத் தெரிவு செய்தவர் நீருள் இறங்கியவரா, கரையில் நின்றவரா என்பது மற்றொன்று. இவ்விரு வினாக்களையும் ஒருசேர வைத்துச் சில கடற்பரப்புகளின் அனுபவத்தை ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நீர் விதிக்கும் நிபந்தனைகள்

மூழ்குவோனுக்கு நீர் நான்கு வகையில் எதிர்நிற்கின்றது. முதலாவது ஆழம். ஏறத்தாழ 10 மீற்றர் இறங்குந்தோறும் ஒரு வளிமண்டல அளவு அமுக்கம் கூடும். எனவே 30 மீற்றர் ஆழத்தில் உடல் தாங்கும் அமுக்கம் நீர்மட்டத்திலுள்ளதன் நான்கு மடங்காகும். அங்கு சுவாசிக்கும் காற்றும் அதே அளவு செறிவுடன் செலவாகும். இரண்டாவது குளிர். நீர் காற்றிலும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துமாதலின், கரையில் இதமாகத் தோன்றும் வெப்பநிலையே நீருள் நெடுநேரம் நிற்பவனை நடுங்கவைக்கும். மூன்றாவது நீரோட்டம். நான்காவது கலங்கல்.

இந்நான்கும் இடத்துக்கிடம், பருவத்துக்குப் பருவம் வேறுபடுவன. ஆதலால் எல்லா நீருக்கும் பொருந்தும் ஒரு கருவி என்பது இல்லை. நன்னீரில் மூழ்குவோனுக்குப் போதுமான ஈயக்கட்டி உவர்நீரில் அவனைக் கீழிறக்கப் போதாது. குளிர்கடலில் உயிர்காக்கும் தடித்த உடை வெப்பக்கடலிற் சுமையாகிவிடும். இவ்வுண்மையைத் தொழிலாளர் நூல்களிலிருந்து கற்றாரல்லர். தலைமுறை தலைமுறையாக உடலாற் கற்றனர்.

3. மன்னார்: கல்லும் கயிறும்

மன்னார்க் குடாவின் முத்துக்குளிப்புப் பழமை வாய்ந்தது. கொற்கை முத்தின் சிறப்பைச் சங்கச் செய்யுட்கள் பேசுகின்றன. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகிய மூவரும் இப்பார்களைத் தம் வருவாய்க்குரிய சொத்தாகவே கருதினர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பேர்சிவல், கோடினர் ஆகியோரின் நூல்களிற் காணப்படும் முறை, அந்நூற்றாண்டு முழுவதும் பெரிதாக மாறவில்லை.

முத்துப் பார்கள் பெரும்பாலும் 5 தொடக்கம் 10 பாகம் வரையான ஆழத்தில் உள்ளன. நீர் வெதுவெதுப்பானது. வாடை ஓய்ந்து சோழகம் எழுமுன் உள்ள பங்குனி, சித்திரை மாதங்களிற் கடல் அமைதியுறும், நீர் தெளியும். அக்குறுகிய காலமே குளிப்புக்காலமாயிற்று. ஏறத்தாழ 30 முதல் 40 றாத்தல் நிறையுள்ள கல், அதைக் கட்டிய கயிறு, சிப்பி சேர்க்கும் வலைக்கூடை ஆகிய இவையே கருவிகள். குளிப்பவன் கல்லின்மீது காலூன்றி விரைந்திறங்குவான். ஏறத்தாழ ஒரு நிமிடத்துள் கிடைத்ததைச் சேர்ப்பான். கயிற்றைச் சுண்டியதும் தோணியில் நிற்பவன் அவனை இழுத்தெடுப்பான். பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அராபியர் மூக்கிற்குக் கொம்பினாலான இடுக்கி அணிந்தனர். தமிழ்க் குளிகாரர் விரலாலேயே மூக்கைப் பொத்தினர். சுறாவை வாய்கட்டும் மந்திரம் வல்லவரெனக் கருதப்பட்ட கடற்கட்டியும் இக்கருவித் தொகுதியின் ஓர் அங்கமே எனலாம். அச்சத்தை அடக்கவும் ஒரு கருவி வேண்டியிருந்தது.

இதனைப் பின்தங்கிய முறை என ஒதுக்குதல் எளிது. ஆனால், தெளிந்த, வெதுவெதுப்பான, ஆழங்குறைந்த நீருக்கு இதனிலும் சிக்கனமான விடை வேறில்லை. கல் இறங்கும் உழைப்பை மிச்சப்படுத்தியது. கயிறு ஏறும் உழைப்பை மிச்சப்படுத்தியது. அடக்கிய மூச்சு முழுவதும் சிப்பி சேர்ப்பதற்கே பயன்பட்டது. அன்றியும், மூச்சு ஓர் எல்லையை விதித்தது. மூச்சு முட்டியவனை எந்த அதிகாரியும் கீழே நிறுத்திவைக்க முடியாது.

இதனால் அவன் வாழ்வு இனிதாயிருந்ததென்று கொள்ளலாகாது. காதிலும் மூக்கிலும் குருதி வடிதல் வழக்கமாயிருந்தது. 1905இன் பெருங்குளிப்பில் மூன்றில் இரண்டு பங்கு சிப்பி அரசுக்குச் சென்றது. எஞ்சிய ஒரு பங்கே உயிரைப் பணயம் வைத்தோருக்கு. 1906இல் பார்கள் இலண்டன் கம்பனி ஒன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. சிப்பி வளம் குன்றியமையால் சில ஆண்டுகளுள் அம்முயற்சி முறிந்தது. சுரண்டல் இருந்தது, ஆயின் அது பங்கிலே இருந்தது, மூச்சுக்குள் நுழையவில்லை. அடுத்து நாம் காணும் கடற்பரப்புகளில் நிலைமை மாறுகின்றது.

4. தலைக்கவசமும் முற்பணமும்

ஈஜியன் கடலிலுள்ள கலிம்னொசு, சிமி முதலிய தீவுகளின் கிரேக்கர் கடற்பஞ்சு எடுப்போர். அவர்களும் நெடுங்காலம் தட்டையான ஒரு கல்லைப் பற்றியே மூழ்கினர். ஒகஸ்டஸ் சீபே 1830களில் இங்கிலாந்தில் உருவாக்கிய மூடிய மூழ்குடை 1860களில் இத்தீவுகளை வந்தடைந்தது. செப்புத் தலைக்கவசம், இறப்பர் பூசிய துணியுடை, ஈயச் செருப்பு, தோணியிலிருந்து பம்பியால் காற்றனுப்பும் குழாய் ஆகியன அதன் கூறுகள். ஒரு நிமிடம் நின்றவன் இப்போது ஒரு மணி நேரம் நிற்கலாயிற்று.

மூச்சின் எல்லை இவ்வாறு அகன்றது. அதனிடத்தில் வேறோர் எல்லை வைக்கப்படவில்லை. அமுக்கத்தில் நெடுநேரம் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைதரசன் உடலிழையங்களிற் கரைகின்றது. விரைந்து மேலேறினால் அது குமிழிகளாக வெளிப்பட்டு மூட்டுகளையும் முண்ணாணையும் தாக்குகின்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தீவுகளின் இளைஞர் ஆயிரக்கணக்கில் இறந்தனர், அல்லது கைகால் விளங்காதோராயினர். பிரெஞ்சு உடற்றொழிலியலறிஞர் போல் பேர் 1878இல் நோயின் காரணத்தை விளக்கினார். 1908இல் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் படிப்படியாக மேலேறுவதற்கான அட்டவணைகளைப் பிரித்தானியக் கடற்படைக்கு வகுத்தளித்தார்.

அறிவு வந்த பின்னரும் சாவு ஏன் தொடர்ந்தது? படிப்படியாக ஏறுதல் நேரத்தை வேண்டுவது. அந்நேரத்திற் பஞ்சு சேராது. கலிம்னொசில் மூழ்குவோன் புறப்படுமுன்னரே முற்பணம் பெற்றுக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டுச் செல்வான். கடன்பட்டவனின் நேரம் அவனுடையதன்று. ஆகவே, ஹோல்டேனின் அட்டவணையை மறுத்தது அறியாமை மட்டுமன்று. உற்பத்தி உறவும் அதனை மறுத்தது.

வட மேற்கு அவுஸ்திரேலியாவின் புறூமில் இதே நாடகம் வேறொரு மேடையில் நிகழ்ந்தது. அங்குள்ள வலிய நீர்ப்பெருக்கில் நங்கூரமிட்டு மூழ்குதல் கடினம். எனவே தோணியை ஓட்டத்தோடு மிதக்கவிட்டு, தலைக்கவசம் அணிந்தவன் அதனோடு கடலடியில் நகர்ந்து முத்துச்சிப்பி சேர்த்தான். இந்நுட்பத்தை வளர்த்தோர் ஒப்பந்தக் கூலிகளாக வந்த யப்பானியரும் ஏனைய ஆசியரும். வெள்ளையருக்கே அவுஸ்திரேலியா என்னும் கொள்கை 1901இற் சட்டமானபோதும், இத்தொழிலுக்கு விலக்களிக்க வேண்டியதாயிற்று. 1912இல் பிரித்தானியக் கடற்படைப் பயிற்சி பெற்ற மூழ்குவோர் சிலர் ஆசியருக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்டனர். சிறந்த பயிற்சி அவர்களிடம் இருந்தது. அந்நீரின் அறிவு இருக்கவில்லை. அவர்கள் சேர்த்த சிப்பி சொற்பமே. மூழ்குநோயால் உயிரிழப்பும் நேர்ந்தது. முயற்சி கைவிடப்பட்டது. புறூமின் யப்பானிய இடுகாட்டில் 900க்கும் மேற்பட்டோர் அடக்கமாகியுள்ளனர். அவர்களுள் மூழ்குநோயால் மாண்டோரும் புயலில் மாண்டோரும் பலர்.

5. ஜெஜூ: எல்லையைத் தாமே வகுத்தோர்

கொரியாவின் ஜெஜூத் தீவில் மூழ்குவோர் பெண்கள். அங்கு மாரிக்கால நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 10 பாகை செல்சியசு வரை தாழும். 1970களின் நடுப்பகுதிவரை அவர்கள் மெல்லிய பருத்தியுடையுடனேயே அந்நீரில் இறங்கினர். குளிர் தாங்கமுடியாத நிலையை அடைந்ததும் கரையேறி, கற்சுவர் வளைவுக்குள் மூட்டிய தீயைச் சூழ்ந்திருந்து உடலைச் சூடாக்கினர். அக்கற்சுவரும் தீயும் அவர்தம் கருவிகளே. 1960களில் இவர்களை ஆராய்ந்த உடற்றொழிலியலாளர், மாரியில் இவர்களுடைய உடல் வழமையிலும் கூடிய வெப்பத்தைத் தோற்றுவித்தமையைக் கண்டனர்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பௌதிகவியலாளர் ஹியூ பிராட்னர் 1951-52இல், நுண்ணிய வாயுக் குமிழிகள் செறிந்த செயற்கை இறப்பரால் மூழ்குடை ஒன்றை வகுத்தார். உடை நனையலாம், குமிழிகளே வெப்பத்தைக் காக்கும் என்பது அவர்தம் கருத்து. கடற்படைக்கென எழுந்த இவ்வுடை ஜெஜூப் பெண்களை வந்தடைந்ததும் அவர்தம் உழைப்பு நேரம் பல மடங்காயிற்று. சில ஆண்டுகளுள் குளிர் தாங்கும் அச்சிறப்பியல்பும் அவர்களின் உடலைவிட்டு மறைந்ததாக ஆய்வாளர் காட்டினர். நெடுநேரம் மூழ்குவதால் தீராத் தலைவலியும் அதற்கான மாத்திரையும் அவர்தம் வாழ்வின் பகுதியாயின.

எனினும், இங்கே ஒரு வேறுபாடு உண்டு. இறப்பர் உடையை ஏற்ற அச்சமூகம் காற்றுச் சிலிண்டரை ஏற்கவில்லை. கிராமக் கூட்டுறவின் விதிகள் மூச்சடக்கி மூழ்குவதையே அனுமதித்தன. குளிக்கும் நாட்களையும் எடுக்கத்தக்க அளவையும் வரையறுத்தன. சிலிண்டர் வந்தால் இளையோர் சிலர் ஒரு பருவத்திலேயே கடலடியை வழித்தெடுத்துவிடுவர். முதியோருக்கும் வருங்காலத்துக்கும் எதுவும் எஞ்சாது. கருவியைக் கூட்டாகத் தெரிவு செய்தலும் கூட்டாக மறுத்தலும் ஓர் அறிவே. 2016இல் யுனெஸ்கோ இப்பண்பாட்டை மானிட மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

6. காற்றைச் சுமந்து நீந்துதல்

சிலிண்டரின் பிறப்பும் நோக்கத்தக்கது. 1943இல், செருமானிய ஆக்கிரமிப்பிலிருந்த பிரான்சில், கடற்படை அதிகாரி கூஸ்தோவும் பொறியியலாளர் கன்யானும் மூழ்குவோன் வேண்டும்போது வேண்டிய அமுக்கத்திற் காற்றுத்தரும் சீராக்கியை ஆக்கினர். போர்க்காலப் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது மோட்டார் வண்டிகளை வாயுவில் ஓட்டுவதற்கெனக் கன்யான் அமைத்த வால்வே அதன் மூலம். குழாயும் பம்பியும் நீங்கின. மூழ்குவோன் மீனைப்போல் நீந்தலானான்.

நமது நாட்டுக்கு இது 1950களில் வந்தது. ஆதர் சி. கிளாக், மைக் வில்சன், ரொட்னி ஜொன்க்ளாஸ் ஆகியோரின் முயற்சிகள் அறியப்பட்டவை. 1956இல் திருகோணமலைச் சுவாமிமலையின் அடியில், கோணேசர் கோயிலின் தூண்கள் கடலடியிற் கண்டறியப்பட்டன. 1961இல் தென்கிழக்கே கிரேட் பாசஸ் பாறைத்தொடரில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குரிய வெள்ளி நாணயங்கள் கிடைத்தன. அங்கும் ஓட்டம் தணியும் பருவ இடைக்காலத்திலேயே மூழ்கமுடிந்தது. மன்னார்க் குளிகாரன் கற்றிருந்த பாடம் அதுவே. கருவி மாறியும் கடலின் நாட்காட்டி மாறவில்லை. 2003இல் கொடவாயவுக்கு அப்பால் 30 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையான கப்பலின் சிதைவைக் கண்டோர் ஆய்வாளரல்லர். சங்கு தேடி மூழ்கிய தொழிலாளரே அதனைக் கண்டனர்.

7. முடிவுரை

இதுவரை நோக்கியவற்றிலிருந்து ஒரு பொதுமை புலனாகின்றது. ஒவ்வொரு புதிய கருவியும் நீர் விதித்த ஓர் எல்லையை அகற்றுகின்றது. தலைக்கவசமும் சிலிண்டரும் மூச்சின் எல்லையை அகற்றின. இறப்பர் உடை குளிரின் எல்லையை அகற்றியது. அவ்வெல்லைகள் தடைகள் மட்டுமல்ல. உடல் தன்னைக் காக்க எழுப்பிய எச்சரிக்கைகளும் அவையே. மூச்சு முட்டும்போது மேலேறத் தோன்றும். நைதரசன் கரையும்போது எதுவுந் தோன்றாது. ஆதலின், இயற்கை எல்லை அகலுமிடத்துச் சமூக எல்லை ஒன்று எழவேண்டும். அது எழாத இடத்து ஆதாயம் கருவிக்கு உடையவனைச் சேரும். கேடு அதை அணிந்தவனைச் சேரும்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். மூச்சடக்கி மூழ்குவோரும் மூழ்குநோய்க்கு விலக்கானவரல்லர். பசிபிக்கின் துவமோத்துத் தீவுகளின் முத்துக்குளிகாரரிடையே அத்தகைய நோய் பதிவாகியுள்ளது. ஆயின் அவர்கள் பேராழத்துக்குப் போதிய இடைவேளையின்றித் திரும்பத் திரும்ப மூழ்கியோர். நேரத்தின் மீதான உரிமையே அங்கும் வினாவாகின்றது.

இன்று வட, வடமேற்குக் கரைகளில் நம் இளைஞர் சங்குக்கும் கடலட்டைக்குமாகச் சிலிண்டருடன் மூழ்குகின்றனர். கரையருகே வளம் குன்ற, ஆழம் கூடுகின்றது. எடுத்த அளவுக்கே கூலி என்னும் ஏற்பாட்டில், ஒரே நாளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல சிலிண்டர்கள் தீர்கின்றன. தோணியும் சிலிண்டரும் பெரும்பாலும் பிறருடையவை. 1908இன் அட்டவணையும் அதன் வழிவந்தவையும் எவர்க்கும் மறைபொருளல்ல. ஆயினும் கால் விளங்காது கரையேறுவோர் இன்றும் உளர். இவர்களுக்குத் தரமான சிலிண்டர் வேண்டும், ஆழமானி வேண்டும், தமிழில் எழுதப்பட்ட அட்டவணை வேண்டும், எட்டக்கூடிய தொலைவில் சிகிச்சைக்கான அமுக்க அறை வேண்டும். இவை யாவற்றினும் முதன்மையாக, மேலேறும் வழியில் நின்று தாமதிக்கும் அந்தச் சில நிமிடங்கள் அவர்களுக்கே உரியவையாக வேண்டும். அந்நிமிடங்களுக்கும் கூலி உண்டு என்னும் ஒப்பந்தம் ஏற்படும்வரை, எந்த நீருக்கும் ஏற்ற கருவி நம்மிடம் உண்டெனக் கூறுவதற்கில்லை.