கச்சேரி வரைக்கும் போயிட்டு வாரேன்

செங்கோட்டையில் எங்கள் ஆச்சி மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு, "கச்சேரி வரைக்கும் போயிட்டு வாரேன்" என்றால், பைக்குள் தீர்வை ரசீதும் பழைய பத்திரமும் இருக்கும். தாசில்தாரைப் பார்க்கப் போகிறாள். இது புரியாமல் ஒருநாள் நானும் அடம்பிடித்துக் கூடப் போனேன். வேப்பமரத்தடியில் மனுவும் கையுமாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மிருதங்கத்தைத்தான் காணோம்.

வழக்கு விசாரிக்கிற, வரி வாங்குகிற இடத்துக்கு இந்துஸ்தானியில் 'கசஹரி' என்று பெயர். மராத்தி, கன்னடம் எல்லாம் அதைத் தம் வாய்க்கு ஏற்ப வளைத்துக்கொண்டன. கன்னடத்தில் இன்றைக்கும் ஆபீஸ் என்றால் கச்சேரிதான். பதினெட்டுத் துறைகளுக்காகக் கட்டிய பெங்களூர் 'அட்டாரா கச்சேரி'யில் இப்போது உயர் நீதிமன்றம் நடக்கிறது. கும்பினிக்காரர்களும் இந்தச் சொல்லை விடவில்லை. சென்னை மயிலாப்பூரில் கச்சேரி ரோடு மிச்சமிருக்கிறது.

எங்கள் பக்கத்துக் கதை கொஞ்சம் விசேஷம். தென்காசி பிரிட்டிஷ் சீமை. ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செங்கோட்டையோ முதலில் திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திரு-கொச்சி. தென்காசிக்குப் பெரிய அதிகாரம் திருநெல்வேலி கலெக்டர் கச்சேரி. செங்கோட்டைக்குத் திருவனந்தபுரத்து ஹஜூர் கச்சேரி, அதாவது இன்றைய கேரளத் தலைமைச் செயலகம். ராஜ்யம் வேறு, சொல் ஒன்றே.

அது பாட்டுப் பக்கம் எப்படி நகர்ந்தது? நடுவில் ஒருவர் உட்கார, சுற்றிலும் கூட்டம் கூடுகிற சபை என்கிற அர்த்தம் வழியாகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933) நாடக மேடையில் பாடி ஊரை மயக்கிய நாளில், அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் சங்கீதக் கச்சேரிக்கு ஒரு வரிசையே வகுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் அரட்டைக் கச்சேரி, சீட்டுக் கச்சேரி. சீசனில் குற்றாலத்து லாட்ஜ்களில் நடக்கும் மற்றொரு கச்சேரியைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

இதற்கிடையே ஆபீஸ் அர்த்தம் தமிழ்நாட்டில் வற்றிப்போனது. ஆட்சிமொழித் தமிழ் வந்து, தாலுகா கச்சேரி வட்டாட்சியர் அலுவலகம் ஆயிற்று. 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானபோது பலகையில் ஏறியது 'மாவட்ட ஆட்சியர் அலுவலகம்'. ஜனங்கள் வாயில் 'கலெக்டர் ஆபீஸ்'. மலைக்கு அந்தப் பக்கம் அப்படியில்லை. ஆரியங்காவு தாண்டிவிட்டால் 'தாலூக் கச்சேரி' காதில் விழும். எர்ணாகுளத்தில் கச்சேரிப்படி என்று ஒரு இடமே உண்டு. யாழ்ப்பாணத்திலும் மாவட்டச் செயலகம் சனங்களுக்குக் கச்சேரிதான். கச்சேரி–நல்லூர் வீதியில் நாதஸ்வரத்தைத் தேடிப் பயனில்லை.

இப்போதும் சாரல் விழாவுக்குக் குற்றாலம் போனால் எனக்கு ஆச்சி ஞாபகம் வரும். சட்டைக்குள் சாரல் நனைக்க, மேடையில் சுருதி சேர்ப்பார்கள். கலெக்டர் முன்வரிசையில் வந்து உட்காருவார். ஆச்சி இருந்திருந்தால் மஞ்சப்பையோடு வந்திருப்பாள்.