வளரறி மதிப்பீடு

வளரறி மதிப்பீடு என்பது, பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே மாணவர் எதைக் கற்றுக்கொண்டார், எங்கே தடுமாறுகிறார் என்ற தகவலைத் திரட்டி, அதைக் கொண்டு ஆசிரியர் தம் அடுத்த பாடத்தையும் மாணவர் தம் அடுத்த முயற்சியையும் மாற்றியமைத்துக்கொள்ளும் முறையாகும். பருவ இறுதியிலோ ஆண்டு இறுதியிலோ தேர்வு வைத்து அதுவரை கற்றதற்கு மதிப்பெண் வழங்குவது தொகுத்தறி மதிப்பீடு எனப்படும். இவ்விரண்டும் வேறுபடுவது தேர்வின் வடிவத்தால் அன்று. தேர்வில் கிடைத்த தகவல் பிறகு என்ன ஆகிறது என்பதால்தான். விடைத்தாள்களைத் திருத்தி மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றியதோடு ஆசிரியர் நின்றுவிட்டால் அது தொகுத்தறி மதிப்பீடு. அதே விடைத்தாள்களைப் பார்த்தபின் மறுநாள் பாடத்தை அவர் வேறு விதமாகத் தொடங்கினால் அது வளரறி மதிப்பீடு. கல்வித் தரவு என்று இன்று பெரிதாகப் பேசப்படுவதன் பயன் முழுவதும் இந்தச் சிறிய வேறுபாட்டைப் பொறுத்தே இருக்கிறது.

இக்கருத்துக்குப் பெயர் சூட்டியவர் மெய்யியலாளர் மைக்கேல் ஸ்கிரிவன். 1967 இல் பாடத்திட்டங்களை மதிப்பிடுவது பற்றி எழுதியபோது அவர் இவ்விரு வகைகளையும் பிரித்துக் காட்டினார். கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் அதனை மாணவர் கற்றலுக்குப் பொருத்தினார். 1998 இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த பால் பிளாக், டிலன் வில்லியம் ஆகிய இருவரும் ஏறத்தாழ 250 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, வகுப்பறையில் வளரறி மதிப்பீட்டை வலுப்படுத்தினால் கற்றல் உயர்கிறது என்றும், பின்தங்கிய மாணவரே அதனால் கூடுதலாகப் பயனடைகின்றனர் என்றும் எழுதிய பிறகு பல நாடுகளின் பள்ளிகள் இதனைக் கைக்கொள்ளத் தொடங்கின.

பிழையில் உள்ள தகவல்

மதிப்பெண்ணும் தகவலே, ஆனால் அதில் அடங்கும் செய்தி மிகக் குறைவு. கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு ஒன்றைப் பார்த்தாலே இது விளங்கும். 52 இலிருந்து 38 ஐக் கழித்தால் வரும் சரியான விடை 14. ஒரு குழந்தை 26 என்றும், பக்கத்தில் அமர்ந்திருக்கும் இன்னொரு குழந்தை 24 என்றும் எழுதினால், பதிவேட்டில் இருவருக்கும் சுழியம்தான். முதல் குழந்தை ஒன்றுகள் இடத்தில் 2 இலிருந்து 8 ஐக் கழிக்க வழி தெரியாமல் 8 இலிருந்து 2 ஐக் கழித்து 6 என்று போட்டிருக்கிறது; அதாவது, மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தை நீக்குவதே கழித்தல் என்று அது எண்ணிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது குழந்தையோ பத்தைக் கடன் வாங்கி, 12 இலிருந்து 8 ஐச் சரியாகக் கழித்துவிட்டு, கடன் கொடுத்த 5 ஐ 4 ஆக்காமல் விட்டிருக்கிறது. முதல் குழந்தைக்குப் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக்கட்டுகளைப் பிரித்துக் காட்டி இடமதிப்பிலிருந்தே தொடங்கவேண்டும். இரண்டாவது குழந்தைக்குப் பெரும்பாலும் 5 ஐ அடித்து அதன் மேல் 4 என்று எழுதும் பழக்கமே போதும். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து அதே பாடத்தை மீண்டும் நடத்தினால் இருவருக்கும் நேரம் வீணாகும். தேர்ந்த ஆசிரியர் தவறான விடையைச் சிவப்பு மையால் அடிப்பதற்கு முன் அது எப்படி வந்தது என்று கேட்பதன் காரணம் இதுவே.

மாணவருக்குத் திரும்பிச் செல்லும் தகவலின் வடிவமும் முக்கியமானது. இஸ்ரேலில் ரூத் பட்லர் நடத்தி 1988 இல் வெளியிட்ட ஆய்வில், மாணவருள் ஒரு பிரிவினருக்கு மதிப்பெண் மட்டும், மற்றொரு பிரிவினருக்கு எழுத்துக் குறிப்பு மட்டும், மூன்றாம் பிரிவினருக்கு இரண்டும் வழங்கப்பட்டன. குறிப்பு மட்டும் பெற்றவர்களே அடுத்தடுத்த பணிகளில் முன்னேறினர். இரண்டையும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் காணப்படவில்லை. மதிப்பெண்ணைப் பார்த்த கண் குறிப்பின் பக்கம் போகாது என்பதை எந்த வகுப்பறையிலும் காணலாம்.

ஒரு தாளும் அதன் விளைவும்

இந்தியாவில் இத்துறையின் பெருஞ்சோதனை 'பிரதம்' என்னும் தொண்டு நிறுவனத்தின் 'அசர்' ஆய்வில் தொடங்கியது. 'அசர்' என்னும் இந்தி, உருதுச் சொல்லுக்கு விளைவு, தாக்கம் என்று பொருள். 2005 முதல் ஊர்ப்புற மாவட்டங்களில் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று, குழந்தைகளைத் தனித்தனியே அமரவைத்துச் சோதிக்கின்றனர். வாசிப்புக் கருவி ஒரே தாள்: அதில் எழுத்துகள், எளிய சொற்கள், முதல் வகுப்பு நிலையில் ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு நிலையில் ஒரு குட்டிக்கதை ஆகியவை உள்ளன. கணக்குத் தாளில் எண்களை அறிதல், ஈரிலக்கக் கழித்தல், மூவிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல் ஆகியவை உள்ளன. குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்பதைச் சில நிமிடங்களில் யாரும் அறியலாம். எழுத்தறியாத தாயும் தன் பிள்ளை படிக்கத் திணறுவதைக் கண்ணெதிரே காணலாம். 2022 ஆய்வின்படி ஐந்தாம் வகுப்பு மாணவருள் இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்கக் கூடியவர் 42.8 விழுக்காட்டினர் மட்டுமே. இதே வகைக் கருவி பின்னர் பாகிஸ்தான், கென்யா, தான்சானியா, உகாண்டா முதலிய நாடுகளிலும் பயன்படுத்தப்பட்டது.

இத்தகவலை மக்களிடம் கொண்டுசேர்த்தாலே பள்ளிகள் மாறிவிடும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. உத்தரப்பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் 280 ஊர்களில் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோ முதலியோர் அதனைச் சோதித்தனர். சில ஊர்களில் கூட்டம் கூட்டி ஊர்க் கல்விக்குழுவின் உரிமைகள் விளக்கப்பட்டன. சில ஊர்களில் மக்களே தம் பிள்ளைகளைச் சோதித்து ஊருக்கான மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கப் பழக்கப்பட்டனர். இன்னும் சில ஊர்களில் இவற்றோடு, வாசிப்பு வகுப்பு நடத்த உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சியும் தரப்பட்டது. 2010 இல் வெளியான முடிவின்படி, முதல் இரு வகை ஊர்களில் பள்ளியோ கற்றலோ மாறவில்லை. மூன்றாம் வகை ஊர்களில், வாசிப்பு வகுப்புக்கு வந்த குழந்தைகள் வாசிக்கக் கற்றனர். குறை எங்கே என்று தெரிவது வேறு, அதைத் தீர்க்கக் கையில் வழி இருப்பது வேறு என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆய்வு வேறொன்றைச் சொல்வது அரிது.

அந்த வழி, வகுப்பைக் கொண்டு அல்லாமல் கற்றல் நிலையைக் கொண்டு குழந்தைகளைப் பிரித்துக் கற்பிப்பதாகும். வடோதராவிலும் மும்பையிலும் பின்தங்கிய மாணவரைப் 'பால்சகி' எனப்பட்ட உள்ளூர் இளம்பெண்கள் நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே அமர்த்திக் கற்பித்தபோது அம்மாணவரின் அடைவு உயர்ந்தது என 2007 இல் வெளியான ஆய்வு காட்டியது. பின்னர் இம்முறை, சரியான நிலையில் கற்பித்தல் என்ற பெயரில் பரவியது: எழுத்துநிலையில் உள்ளோர் ஒரு குழு, சொல்நிலையில் உள்ளோர் ஒரு குழு எனப் பிரித்து, சில வாரங்களில் மீண்டும் சோதித்துக் குழுக்களை மாற்றுவர். 2019 இல் பானர்ஜி, டஃப்ளோ, மைக்கேல் கிரெமர் ஆகியோர் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றபோது இப்பணியும் பரவலாகப் பேசப்பட்டது.

தமிழ்நாட்டில்

ஆந்திரத்தின் ரிஷிவேலி ஊரகப் பள்ளிகளின் முறையிலிருந்து உருவாகி, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 இல் தொடங்கி, 2007-08 இல் மாநிலத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்த செயல்வழிக் கற்றல், தகவலை மாணவர் கையிலேயே கொடுத்த முயற்சியாகும். பாடம் சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, அவற்றின் வரிசை சுவரில் கற்றல் ஏணியாகத் தொங்கியது. குழந்தை தான் நிற்கும் படியை ஏணியில் படச் சின்னத்தைக் கொண்டு கண்டறிந்து, அதே சின்னமுள்ள அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்து, முடித்ததும் அடுத்த படிக்குச் சென்றது. பத்து நாள் காய்ச்சலில் கிடந்து திரும்பிய குழந்தையும் விட்ட இடத்திலிருந்தே தொடங்க முடிந்தது இம்முறையின் பெருஞ்சிறப்பு. 2012-13 இல் எட்டாம் வகுப்பு வரை வந்த முப்பருவ முறையில் வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என மதிப்பெண்கள் பிரிக்கப்பட்டன. வளரறி மதிப்பீட்டையும் மதிப்பெண்ணாக்கியதால் பல இடங்களில் அது இன்னொரு சிறுதேர்வாகவே சுருங்கியது.

கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்ததன் இழப்பை ஈடுசெய்ய 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரித்து, நிலைக்கேற்ற பயிற்சிநூல்களை வழங்கியது. முதல் நிலை, கடைநிலை என்று முத்திரை குத்தாமல், இன்று அரும்பாக இருப்பது நாளை மலரும் என்ற பொருளைப் பெயரிலேயே வைத்தது பாராட்டத்தக்கது.

கற்பவரே திரட்டும் தகவல்

மாணவர் தம்மைத் தாமே சோதித்துக்கொள்வதும் வளரறி மதிப்பீடே. 2006 இல் உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்திற்குப் பின் நடந்த சோதனையில் முந்தினர். ஒரு வாரம் கழித்தோ, புத்தகத்தை மூடிவைத்து நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்களே நன்கு நினைவில் வைத்திருந்தனர். மூடிய புத்தகத்தின் முன் எது நினைவுக்கு வரவில்லையோ அதுவே மறுபடி படிக்கவேண்டிய இடம். இதனை அறிய ஆசிரியரோ கணினியோ தேவையில்லை.

தரவின் கேடு

ஓர் எண்ணைக் கொண்டு தண்டனையும் பரிசும் முடிவாகுமானால் அந்த எண்ணே கெட்டுப்போகும் என்று 1970களில் அமெரிக்கச் சமூக அறிவியலாளர் டொனால்ட் கேம்பல் எச்சரித்தார். அதற்குச் சான்றாக, அமெரிக்காவின் அட்லாண்டா நகரப் பள்ளிகளில் மாணவரின் விடைகளை ஆசிரியர்களே திருத்தியமைத்ததை மாநில விசாரணை 2011 இல் வெளிப்படுத்தியது. 44 பள்ளிகளில் 178 கல்வியாளர்கள் இதில் ஈடுபட்டதாக அது கண்டது.

தமிழ்நாட்டில் வேறொரு சுமை உண்டு. வருகை, நலத்திட்டம், மதிப்பீடு என அனைத்தையும் கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பான 'எமிஸ்' தளத்தில் ஏற்றும் பணியிலிருந்து விடுவிக்குமாறு ஆசிரியர் அமைப்புகள் தொடர்ந்து கேட்டுவந்துள்ளன. அக்கோரிக்கை நியாயமானது. மேலிடத்திற்கு ஏறும் தரவு திட்டமிடலுக்குத் தேவைதான். ஆனால் 26 என்று எழுதிய குழந்தையையும் 24 என்று எழுதிய குழந்தையையும் அது வேறுபடுத்திக் காட்டாது. அதைக் காண வகுப்பறையில் இருப்பவர் ஆசிரியர் ஒருவரே என்பதால், பதிவேற்றும் வேலையை அலுவலகப் பணியாளரிடம் ஒப்படைத்து, அந்த நேரத்தை விடைத்தாளைப் படிப்பதற்கு ஆசிரியருக்குத் திருப்பித் தரவேண்டும்.