தண்ணீர்ப்பந்தலும் ஒப்பாரியும்

சித்திரை வெயிலில் தண்ணீர்ப்பந்தல் வைப்பது தமிழனுக்குத் தெரிந்த மிகப் பழைய தர்மங்களில் ஒன்று. வழிப்போக்கனின் தாகம் அங்கே தீர்கிறது. ஊர்க் கிணறு ஏன் வற்றியது என்று பந்தல் வைத்தவர் கேட்பதில்லை. அவர் கேட்க வேண்டுமென்று யாரும் எதிர்பார்ப்பதுமில்லை. சாவு வீட்டு ஒப்பாரி வேறு காரியம். அதனால் யாருடைய தாகமும் தீராது. ஆனால் செத்தவனைப் பட்டினி போட்டது யார், சொத்தை வாங்கிக்கொண்டு எட்டிப் பார்க்காமல் இருந்தது யார் என்பதெல்லாம் அங்கே ராகத்தோடு வெளியே வந்துவிடும். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலர் தலையைக் குனிந்துகொள்வார்கள். பாட்டு ஒரு பொதுக் காரியத்துக்குள் நுழையும் வழி இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருந்து வந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. கொடைக்கானல் மலையில், பேத்துப்பாறையில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். ஓடையில் கறுப்புக் குழாய் போட்டுத் தண்ணீர் எடுக்கிறவனுக்கு, மேலே என்ன கலக்கிறது என்ற கேள்வி தத்துவக் கேள்வி இல்லை.

முதல் வழியைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. எம். எஸ். சுப்புலட்சுமி 1944இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காகப் பாடினார். அதற்குப் பிறகும் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயில் என்று எத்தனையோ காரியங்களுக்குக் கச்சேரி வருமானத்தைக் கொடுத்தார். 1974இல் அவருக்குக் கிடைத்த மகஸேஸே பரிசு பொதுச்சேவைக்கான பரிசு என்பதை நம் சங்கீத ரசிகர்கள் அநேகமாக மறந்துவிட்டார்கள். இந்தக் கச்சேரிகளின் முக்கிய குணம் ஒன்று உண்டு. காரியம் டிக்கெட்டில் அச்சாகியிருக்கும், பாட்டில் இருக்காது. ஆஸ்பத்திரிக் கட்டிடத்துக்காகப் பாடிய தோடியும் கல்யாணப் பந்தலில் பாடிய தோடியும் ஒரே தோடிதான். கலையின் சுயாதீனத்துக்கு இதைவிட சௌகரியமான ஏற்பாடு கிடையாது. 1970இல் ‘கசடதபற’வும் 1971இல் ‘வானம்பாடி’யும் வந்த பிறகு உருவமா உள்ளடக்கமா என்று நடந்த வெட்டுக்குத்தில், உருவத்தின் பக்கம் நின்றவர்கள் இந்த ஏற்பாட்டைத் தங்களுக்குச் சாதகமான சாட்சியாகக் காட்டியிருக்கலாம். யாரும் காட்டவில்லை. சங்கீதத்தை இலக்கிய விவகாரத்துக்குள் கொண்டுவரும் பழக்கம் நமக்கு அப்போது அவ்வளவாக இல்லை.

அதே 1971இல், ஆகஸ்டு 1ஆம் தேதி, நியூயார்க்கின் மாடிஸன் ஸ்கொயர் கார்டனில் பங்களாதேஷுக்காக இரண்டு கச்சேரிகள் நடந்தன. ரவிசங்கர் கேட்டுக்கொண்டதால் ஜார்ஜ் ஹாரிஸன் நடத்தியவை. 1970 நவம்பர் புயலும் அதன் பின் வந்த யுத்தமும் லட்சக்கணக்கான அகதிகளை இந்தியாவுக்குள் தள்ளியிருந்த சமயம். சுமார் 40,000 பேர் வந்தார்கள். டிக்கெட் வசூலாக ஏறத்தாழ 2,43,000 டாலர் யுனிசெஃபுக்குப் போயிற்று. ரவிசங்கர், அலி அக்பர் கான், அல்லா ரக்கா மூவரும் சுருதி சேர்த்து முடித்தபோது கூட்டம் அதையே பாட்டென்று நினைத்துக் கைதட்டியது பிரசித்தமான கதை. சுருதி சேர்ப்பதே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்ற அர்த்தத்தில் ரவிசங்கர் ஏதோ சொன்னார். இதைச் சொல்லிச் சிரிப்பது நம் வழக்கம். நான் சிரிப்பதை விட்டு வெகு நாளாயிற்று. ஹாரிஸனைப் பார்க்க வந்தவர்களில் பலர் சரோதை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டிருப்பார்கள். தர்ம காரியம் ஒரு புது சங்கீதத்துக்கு வாசல் திறந்துவிட்டது. கைதட்டலில் அறியாமை இருந்தது. கேட்கத் தயாராக இருக்கும் மனசும் இருந்தது.

இன்னொன்றும் நடந்தது. அமெரிக்க அரசாங்கம் பாகிஸ்தான் ராணுவ ஆட்சிக்குத் துணை நின்ற நாட்கள் அவை. உலகத்தின் அதிகாரபூர்வமான வரைபடங்களில் இருந்த பெயர் கிழக்குப் பாகிஸ்தான். அந்த மேடை பங்களாதேஷ் என்ற பெயரைச் சொன்னது. திரட்டிய பணத்தைவிட இந்தப் பெயர் அதிக தூரம் போயிற்று. தண்ணீர்ப்பந்தலுக்குள் ஒப்பாரியின் ஒரு குரல் கேட்ட தருணம் என்று இதைச் சொல்வேன்.

பந்தலின் எல்லையையும் அந்த நாடே காட்டியது. குளத்துத் தண்ணீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் குழந்தைகள் சாவதைத் தடுக்க, எழுபதுகளிலிருந்து யுனிசெஃப் போன்ற அமைப்புகளின் முயற்சியில் பங்களாதேஷ் முழுதும் குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டன. கிருமி இல்லாத நல்ல தண்ணீர். 1993இல்தான் அந்தத் தண்ணீரில் ஆர்ஸனிக் இருப்பது அங்கே உறுதியாயிற்று. கோடிக்கணக்கானவர்கள் அதற்குள் வருஷக்கணக்காகக் குடித்திருந்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்த காரியமில்லை. மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று முதலில் கேட்கவில்லை, அவ்வளவுதான். நல்லெண்ணம் கேள்விக்கு மாற்றாகிவிட முடியாது என்பதற்கு இதைவிடக் கொடூரமான உதாரணம் எனக்குத் தெரியாது.

இரண்டாவது வழிக்கு நம்மிடம் நீண்ட பரம்பரை உண்டு. 1876-78 தாது வருஷப் பஞ்சம் கும்மியாகவும் சிந்தாகவும் பாடப்பட்டது. வெள்ளம், ரயில் விபத்து, கொலை என்று எது நடந்தாலும் சில நாட்களில் மலிவுக் காகிதத்தில் பாட்டுப் புத்தகம் அச்சாகும்; சென்னை குஜிலிக் கடைத்தெருவிலும் சந்தைகளிலும் சில காசுக்கு விற்கும். மெட்டு பெரும்பாலும் ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டு. தானே கட்டி, தானே பாடி, தானே விற்றவர்களும் அந்த உலகத்தில் இருந்தார்கள். கம்பெனி இல்லை, சபா இல்லை, ஆதீனம் இல்லை. இன்று சுயேச்சை இசை என்று ஆங்கிலப் பத்திரிகைகள் கொண்டாடும் சமாசாரத்துக்கு இவர்களைத்தான் நான் மூதாதையர் என்பேன். நாடக மேடையில் விஸ்வநாத தாஸ் முருகன் வேஷத்தோடு மதுரகவி பாஸ்கரதாஸின் தேசியப் பாட்டுகளைப் பாடினார்; பலமுறை ஜெயிலுக்குப் போனார்; 1940 டிசம்பர் 31 இரவு மேடையிலேயே உயிர் விட்டார். வள்ளி திருமணம் பார்க்க வந்தவனுக்கு நடுவில் வெள்ளைக்காரன் பெயர் சொல்லி ஒரு பாட்டு. கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சபையில் யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை.

இனி இந்த மலைக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த காய்ச்சல்மானி ஆலையை செஸ்பரோ-பாண்ட்ஸ் கம்பெனி எண்பதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு மாற்றியது. பிறகு அது யூனிலீவர் குழுமத்தின் ஹிந்துஸ்தான் லீவர் வசம் வந்தது. ஆலையின் சரிவில் பாம்பார் சோலை. அந்தத் தண்ணீர் கும்பக்கரை வழியாகத் தெற்கே சமவெளிக்கு இறங்குகிறது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு 7.4 டன் கிடந்தது வெளியே தெரிந்தது. ஊர்க்காரர்களும் பழனிமலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸும் சேர்ந்து அதை அம்பலப்படுத்தினார்கள். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பிப் போயிற்று. வந்த இடத்துக்கே திரும்பிய சரக்கு நம் வாணிப சரித்திரத்தில் அபூர்வம். ஆனால் பாதரசம் முழுதாக எங்கும் போவதில்லை. சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிக் காற்றில் கலக்கும். சேற்றில் இறங்கினால் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றும். அது மீனில் சேர்ந்துகொண்டே போகும். ஜப்பானில் மினமாட்டாவில் 1956இல் வெளியே வந்தது இந்த விஷம்தான். லெவிஞ்ச் 1863இல் வெட்டிய கொடைக்கானல் ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருப்பதாக ஹைதராபாத் விஞ்ஞானிகளின் ஆய்வொன்று 2006இல் வெளிவந்தது.

முன்னாள் தொழிலாளர்கள் சங்கம் கட்டி 2006இல் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். தொழிலாளர்களின் உடல்நலத்துக்குக் கேடு வரவில்லை என்பது கம்பெனியின் நிலை. வழக்கு நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. இப்படிப் பத்து வருஷத்தை நெருங்கும்போது, 2015 ஜூலை கடைசியில், சென்னையைச் சேர்ந்த ஸோஃபியா அஷ்ரஃப் பாடிய ‘கொடைக்கானல் வோண்ட்’ என்ற ராப் பாட்டு வந்தது. நிக்கி மினாஜின் பாட்டொன்றின் மெட்டு, ரதீந்திரன் ஆர். பிரசாத் படம் பிடித்திருந்தார். சில நாட்களில் லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். நிக்கி மினாஜே அதை எல்லோருக்கும் எடுத்துக் காட்டினார். யூனிலீவரின் தலைமை நிர்வாகி பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி ஒப்பந்தம் செய்துகொண்டது. உடல்நலக் கேட்டை ஒப்புக்கொள்ளாமல், மனிதாபிமானத்தின் பேரில் தருவதாகச் சொல்லித் தந்த தொகை.

அந்தப் பாட்டைப் பேத்துப்பாறையில் ஒரு டீக்கடையில் பையன் ஒருவன் போனில் போட்டுக் காட்டினான். பக்கத்தில் அவரை மூட்டையோடு பஸ்ஸுக்குக் காத்திருந்த பெரியவர், “அந்தப் புள்ள யாரத் திட்டுது?” என்று கேட்டார். சொன்னேன். “பேரச் சொல்லியா?” என்றார். பேரைச் சொல்லித்தான் என்றேன். “இன்னொருக்கா போடுப்பா” என்றார். ஒரு வார்த்தை அவருக்குப் புரிந்திருக்காது, பாட்டு இங்கிலீஷ். ஆனால் பாட்டின் வகையை அவர் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். எனக்கு அதற்கு நாலைந்து நாள் ஆயிற்று.

ஒரு விமர்சகன் இங்கே கேட்டாக வேண்டியது உண்டு. அது நல்ல பாட்டா? மெட்டு கடன், தாளம் கடன், கோபம் மட்டும் சொந்தம். காரியம் முடிந்தபின் தனியாக நின்று கேட்கத் தக்கதாக அதில் அதிகம் மிஞ்சவில்லை என்பதே என் அபிப்பிராயம். சிந்துப் புத்தகங்களுக்கும் இதே கதிதான். அதற்காக அவற்றைத் தள்ளிவிட நான் ஒரு காலத்தில் தயாராக இருந்திருப்பேன், இப்போது இல்லை. கண்ணாடிக் கழிவைக் கண்டுபிடித்தவர்கள், வழக்கு நடத்தியவர்கள், இருமிக்கொண்டே கூட்டத்துக்கு வந்தவர்கள் ஆகியோரின் பதினைந்து வருஷ வேலைதான் கதவைப் பெயர்த்தது. பாட்டு கடைசியில் வந்து ஓங்கித் தட்டியது. தட்டிய சத்தம் மட்டும் கேட்டவர்கள் எல்லாவற்றையும் பாட்டே செய்ததாக நினைத்துக்கொண்டார்கள். கலையைப் பற்றிய இந்த மூடநம்பிக்கை தொழிலாளிக்குச் செய்யும் அநியாயம். பாட்டுக்கும் அது மரியாதை இல்லை.

இந்தப் பாட்டு வானத்திலிருந்து விழுந்துவிடவும் இல்லை. சென்னையில் வெட்டிவேர் கூட்டமைப்பினர் ‘ஜஸ்டிஸ் ராக்ஸ்’ என்று இலவசக் கச்சேரிகள் நடத்தி வந்தார்கள். ஊரில் அதிகம் பேருக்குத் தெரியாத வாத்தியக் குழுக்களை அங்கே கேட்கலாம். போபாலைப் பற்றியும் கேட்கலாம். 1984 விஷவாயுவுக்குப் பின் அங்கே நிலத்தடி நீரும் கெட்டிருந்தது. பாதிக்கப்பட்ட குடியிருப்புகளுக்குச் சுத்தமான தண்ணீர் தர வேண்டுமென்று உச்சநீதிமன்றம் உத்தரவிட 2004 ஆயிற்று. யூனியன் கார்பைடை வாங்கிய டௌ கம்பெனியைக் கண்டித்து ஸோஃபியா அஷ்ரஃப் முன்பே ஒரு பாட்டுப் பாடியிருந்தார். மாடிஸன் ஸ்கொயரில் சரோதுக்கு நடந்ததுதான் இங்கேயும் நடந்தது: காரியத்துக்காக வந்தவன் சங்கீதத்தைக் கண்டுகொண்டான், சங்கீதத்துக்காக வந்தவன் தண்ணீரைப் பற்றித் தெரிந்துகொண்டான். ஒரே வித்தியாசம், இங்கே யாரும் உண்டியல் ஏந்தவில்லை.

உருவத்தைப் பற்றிய என் சந்தேகத்துக்குப் பதில் 2017 ஜனவரியில் வந்தது. எண்ணூர் உப்பங்கழியை அனல்மின் நிலையச் சாம்பலும் ஆக்கிரமிப்பும் மூடுவதைப் பற்றி, சுயேச்சைப் பாடகர் கபேர் வாசுகி எழுத, டி. எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’. சென்னைத் தமிழில் ராகமாலிகை. புறம்போக்கு என்பது வரி விதிக்காத பொது நிலத்துக்கு ரெவின்யூ கணக்கில் உள்ள பெயர். நீர்நிலையும் மேய்ச்சல் நிலமும் அதில் அடக்கம். அது எப்போது வசவாயிற்று? பொதுச் சொத்தை யாருக்கும் ஆகாததென்று நினைக்கத் தொடங்கியபோதுதான். பாட்டு அந்த வசவைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. ஆனந்தபைரவி அந்தச் சொல்லைத் தாங்குமா என்பது நியாயமான சந்தேகம். தாங்கியது; தாங்கியதில் ஆனந்தபைரவியும் கொஞ்சம் மாறியது. எம். எஸ். காலத்துத் தர்மக் கச்சேரியில் ராகம் எதையும் இழக்க வேண்டியிருக்கவில்லை. இங்கே ராகம் தன் சுத்தத்தைக் கொஞ்சம் கொடுத்துத் தண்ணீரின் சுத்தத்தைக் கேட்கிறது. காரியம் பாட்டின் உடம்புக்குள் இறங்கிவிட்ட பிறகு உருவம், உள்ளடக்கம் என்று பிரித்து வழக்காடுவதில் அர்த்தமில்லை. கசடதபறவும் வானம்பாடியும் விட்டுவைத்த வழக்கு எண்ணூர்ச் சாம்பலில் இப்படி ஒரு தீர்ப்புக்கு வந்திருக்கிறது.

2018இல் கிருஷ்ணாவும் ஸோஃபியா அஷ்ரஃபும் மற்றவர்களும் சேர்ந்து ‘கொடைக்கானல் ஸ்டில் வோண்ட்’ பாடினார்கள். இந்தமுறை விஷயம் நஷ்டஈடு இல்லை, மண். ஆலை நிலத்தின் ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் மிஞ்சலாம் என்று இங்கே அனுமதி; இங்கிலாந்தில் குடியிருப்பு மண்ணுக்கு இதைவிடக் கடுமையான அளவுகோல். வெள்ளைக்காரன் தோட்டத்துக்கு ஒரு சுத்தம், நம் சோலைக்கு ஒரு சுத்தமா என்பது கேள்வி. முதல் பாட்டின் பரபரப்பில் ஒரு பங்கும் இதற்குக் கிடைக்கவில்லை. நஷ்டஈட்டுக்கு முடிவு உண்டு, மண்ணுக்கு இல்லை. முடிவில்லாத காரியத்தைக் கேட்க ஜனங்களுக்குப் பொறுமை குறைவு.

பழனி மலையின் கற்பதுக்கைகளைப் பற்றி ஆங்லாத் பாதிரியாரும் நியூட்டனும் எழுதிய புத்தகம் 1928இல் வந்தது. அந்தக் கற்களை நட்டவர்களும் சாவுக்குப் பாடித்தான் இருப்பார்கள். கல் இருக்கிறது, பாட்டு இல்லை. பாதரசம் கல்லைப் போல, இருக்கும். அதன்மேல் பாடப்பட்டவை சிந்துப் புத்தகங்களைப் போல உதிர்ந்துவிடக்கூடும். அப்படியானால் ஒவ்வொரு தலைமுறையும் தன் ஒப்பாரியைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும், பேரை விடாமல். பந்தலை எடுக்கச் சொல்லவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கட்டும். பானையை நிரப்புகிறவர் அந்தத் தண்ணீர் எந்த ஓடையிலிருந்து வந்தது என்று மட்டும் ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும்.