மானம்பூ மாதத்துப் பள்ளிக்கூடம்

புரட்டாசி பின்பாதியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ விஜயதசமி வரும். முந்தின நாள் சரஸ்வதி பூஜையில் அடுக்கி வைத்த புத்தகங்களை அன்று முழுக்க யாரும் தொடக்கூடாது. மறுநாள் காலை, வீட்டில் பள்ளி வயதுக் குழந்தை இருந்தால், கூடத்தில் ஒரு தாம்பாளத்தைக் கொண்டுவந்து வைப்பார்கள். அதில் பச்சரிசி, சில வீடுகளில் நெல். பக்கத்தில் மஞ்சளில் பிடித்த பிள்ளையார். மடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் ஆள்காட்டி விரலைப் பெரியவர் ஒருவர் பிடித்து, பிள்ளையார் சுழியில் தொடங்கி அகரத்தை எழுத வைப்பார். அரிசி இரண்டு பக்கமும் ஒதுங்க, நடுவில் பித்தளை பளிச்சென்று தெரியும். குழந்தை எழுதிய முதல் எழுத்து அந்தப் பித்தளைக் கோடுதான்.

இப்போதெல்லாம் இது அரைமணி நேரத்துச் சடங்கு. படம் எடுத்துக்கொண்டபின் அரிசி சமையலறைக்குப் போய்விடும். ஆனால் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இருந்த காலத்தில் அந்தத் தாம்பாளத்தோடு விஷயம் முடிந்துவிடவில்லை. அரிசியில் பழகிய விரல் அடுத்து மணலுக்குப் போயிற்று, அங்கே பல மாதம் இருந்தது.

ஏடு தொடங்குதல், எழுத்தறிவித்தல், அட்சராப்பியாசம், வித்தியாரம்பம் என்று இதற்குப் பல பெயர்கள். தொடக்கத்தில் சொல்லிக்கொடுக்கும் வாசகத்தில் 'நமோத்து சித்தம்' என்று ஒரு பகுதி உண்டு. அதிலுள்ள சித்தர் சமணர் வணங்கும் சித்தர் என்று அறிஞர்கள் சொல்வதுண்டு. 'பள்ளி' என்ற சொல்லே சமண, பௌத்தத் துறவிகளின் இருப்பிடத்தைக் குறித்ததுதான். பிள்ளையார் சுழிக்குக் கீழே இப்படி ஒரு பழைய அடுக்கும் இருக்கிறது என்பதை, சடங்கு செய்கிறவர்களில் பலர் அறிந்திருக்கமாட்டார்கள்.

ஊரில் வசதியான ஒருவர் வீட்டுத் திண்ணைதான் பள்ளிக்கூடம். ஆசிரியருக்கு உபாத்தியாயர், வாத்தியார், தெற்கே சில ஊர்களில் அண்ணாவி என்று பெயர். அவருக்கு அடுத்த இடம் சட்டாம்பிள்ளைக்கு. மூத்த மாணவனான அவன்தான் புதிதாக வந்த பிள்ளைகளின் விரலைப் பிடிப்பான். சலித்த மணலைத் திண்ணையிலோ தரையிலோ பரப்பி, அதில் எழுத்தைப் போட்டுக் காட்டி, "ஆனா, ஆவன்னா, இனா, ஈயன்னா" என்று பெயரோடு சேர்த்து உரக்கச் சொல்ல வைப்பான். வாய் சொல்ல வேண்டும், காது கேட்க வேண்டும், விரல் அதே நேரத்தில் வளைய வேண்டும். தெருவில் போகிறவருக்கு அது இரைச்சலாகக் கேட்டிருக்கும். உட்கார்ந்திருந்த பிள்ளைக்கோ மூன்றும் ஒரே வேலை.

ஏன் மணல்? காரணம் எளிது. ஓலையில் எழுத இரும்பு எழுத்தாணி வேண்டும். ஓலையை இடக்கையில் ஏந்தி, கட்டைவிரல் நகத்தால் எழுத்தாணியைத் தாங்கி, கிழியாமல் கீற வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையின் கைக்கு அது கூடாத காரியம். மணலுக்குச் செலவில்லை. தப்பாகப் போட்டாலும் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும், தவறு போன இடம் தெரியாது. எழுத்தின் வளைவெல்லாம் விரலுக்குப் பழகிய பிறகே ஓலை கைக்கு வரும். ஓலையில் கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரிய, கரியும் பச்சிலைச் சாறும் பூசித் துடைப்பார்கள்.

இந்த மணலில் வெளிநாட்டவர் ஒருவரும் உட்கார்ந்திருக்கிறார். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்குவுக்கு அப்போது வயது இருபத்துநான்கு. தமிழ் கற்க அவருக்கு இலக்கணப் புத்தகமோ அகராதியோ கிடைக்கவில்லை. உள்ளூர் ஆசிரியர் ஒருவரைக் கேட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்தைத் தம் வீட்டிலேயே நடத்தச் செய்து, சிறு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, அவர்களைப் போலவே மணலில் விரலால் எழுதிப் பழகினார். பின்னாளில் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர் தமிழ் எழுத்தைக் கற்றது இப்படித்தான்.

எண்பது ஆண்டு கழித்து இன்னொருவர் அதே மணலைக் கண்டார். எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதியின் பொறுப்பை 1789-இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், ஒருநாள் காலை சவாரி போகையில், தமிழ்ப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். அன்றைய ஆங்கிலேயர் வழக்கில் அது 'மலபார் பள்ளி'. விடுதிக்குத் திரும்பியதும் தம் உதவி ஆசிரியர்களிடம் இப்படிச் சொல்லிக்கொடுங்கள் என்றார். அவர்களுக்கு மனமில்லை. உடனே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்தார். சிறுவன் அதைச் செய்து காட்டினான்.

பெல் ஊர் திரும்பி, 1797-இல் லண்டனில் இந்த அனுபவத்தைப் புத்தகமாக வெளியிட்டார். பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்த வழிக்கு 'மெட்ராஸ் முறை' என்று பெயர் நிலைத்தது. பிரிட்டனில் ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் அந்த முறையில் படித்தார்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றுதான் பெயர். எழும்பூர்ச் சிறுவனுக்கு அதில் பாதிப் பங்கு உண்டு. அவனுக்கும் முன்னால், பெயர் தெரியாத ஏதோ ஒரு திண்ணையின் சட்டாம்பிள்ளைக்கும் பங்கு இருக்கிறது.

திண்ணைப் பள்ளியைப் பற்றி இன்று நாம் அறிந்ததில் பெரும்பகுதி சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோவின் ஆணையால் கிடைத்தது. மாகாணத்தில் எத்தனை பள்ளிகள், யார் படிக்கிறார்கள், எப்படிப் படிக்கிறார்கள் என்று 1822-இல் அவர் மாவட்டக் கலெக்டர்களைக் கேட்டார். நாலு ஆண்டு கழித்துத் தொகுத்த கணக்கில் 12,498 பள்ளிகள் வந்தன. கிட்டத்தட்ட ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி.

அந்த அறிக்கைகளில் உயிருள்ளது பல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்ப்பெல் 1823 ஆகஸ்டில் எழுதியது. அவருடைய மாவட்டத்தில் 533 பள்ளிகள். ஐந்து வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் நாளை அவர் அப்படியே பதிவு செய்கிறார்: ஆசிரியரும் மாணவர்களும் பிள்ளையின் வீட்டுக்கு அழைக்கப்படுகிறார்கள். பிள்ளையார் முன் குழந்தையை உட்கார்த்துகிறார்கள். அறிவு வேண்டி ஒரு வேண்டுதல். பிறகு ஆசிரியர் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறார், பெற்றோர் தந்ததைப் பெற்றுக்கொண்டு கிளம்புகிறார். இரண்டு நூற்றாண்டுக்கு முந்தைய அரசாங்கக் கோப்பில் நம் கூடத்துத் தாம்பாளம்!

பள்ளிக்கு வரும் வரிசையையும் கேம்ப்பெல் விடவில்லை. காலையில் முதலில் வருகிற பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவது வருபவனுக்குச் சுழியம்: பாராட்டும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி, நாலாமவனுக்கு இரண்டு, அதற்குப் பின்னால் வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒன்று கூட. தமிழ்த் திண்ணைகளில் முதலில் வருபவனுக்கு 'வேத்தான்' என்று பெயரே இருந்தது. முப்பதாவதாக வந்த பிள்ளையின் கதியை நினைத்தால் இன்றைக்கும் உள்ளங்கை கூசுகிறது. அந்தப் பிரம்பைப் புகழ ஒன்றுமில்லை. திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாகப் பேசுகிறவர்கள் பிரம்பை மறந்துவிடுகிறார்கள்.

அதே பள்ளியில் மென்மையான வழக்கங்களும் இருந்தன. 1855-இல் பிறந்த உ.வே. சாமிநாதையர், உத்தமதானபுரத்தில் தாம் படித்த திண்ணைப் பள்ளியை 'என் சரித்திரம்' நூலில் விவரிக்கிறார். மாலையில் வீட்டுக்கு அனுப்பும்போது பூ, மிருகம், ஊர் இவற்றின் பெயர்களை உபாத்தியாயர் ஒவ்வொரு பையனுக்கும் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலை மறக்காமல் வந்து ஒப்பிக்க வேண்டும். கையில் ஏடு இல்லை, எழுதிக்கொண்டு போக வழியில்லை. தாமரை, யானை, கும்பகோணம் என்று மூன்று சொற்களை முணுமுணுத்தபடி ஒரு சிறுவன் அந்தி வேளையில் வீட்டுக்கு நடப்பதை மனக்கண்ணில் பார்க்கலாம்.

எழுத்துக்கு அடுத்து எண். பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று இரண்டு வாய்பாடுகள். நெல்லிலக்கத்தின் அடிப்படை அளவு வாய்பாடே: 360 நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. களத்துமேட்டில் அளந்து போடுகிறவர் ஏமாற்றினால் கண்டுபிடிக்க, குடியானவர் வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கணக்குத் தேவைப்பட்டது. விஜயதசமியன்று நெல்லில் எழுதத் தொடங்கிய பிள்ளை, சில ஆண்டுகளில் அதே நெல்லை எண்ணத் தெரிந்துகொண்டான்.

இனி மானம்பூ. மகாநவமி என்ற சொல் மக்கள் வாயில் மகர்நோன்பு, மானம்பு, மானம்பூ என்றெல்லாம் திரிந்தது. தஞ்சாவூரின் மானம்புச்சாவடியும் காரைக்குடியின் மகர்நோன்புப் பொட்டலும் அந்தப் பெயரை இன்னும் சுமக்கின்றன. நவராத்திரி நாட்களில் பிள்ளைகளுக்குப் புதுத் துணி உடுத்தி, பொட்டிட்டு, கையில் கோலாட்டக் கழியைக் கொடுத்து, உபாத்தியாயர் வீடுவீடாக அழைத்துப் போவார். வாசலில் நின்று பாடிக் கழி அடிப்பார்கள். வீட்டுக்காரர் உபாத்தியாயருக்குக் காசோ துணியோ தருவார், பிள்ளைகளுக்குத் தின்பண்டம். ஆந்திரத்திலும் இதே வழக்கம். அங்கே பிள்ளைகளின் கையில் பூ வைத்த சிறு வில், பரிசாகப் பருப்பும் வெல்லமும்.

இதைப் பிச்சை என்று பார்த்தவர்கள் உண்டு. அது சரியான பார்வையாகத் தெரியவில்லை. மாதச் சம்பளம் என்று அந்த ஆசிரியருக்குக் கிடைத்தது மிகச் சொற்பம், அதுவும் ஒழுங்காக வராது. ஊர் முழுக்கச் சேர்ந்து அவருக்குக் கொடுக்கிற நாட்கள் இவை. தவிர, பள்ளியில் பிள்ளை இல்லாத வீட்டுக்காரரும் அன்று கதவைத் திறந்து, எதிர்வீட்டுப் பையன் தடுமாறாமல் பாடுவதை நின்று கேட்டார். பள்ளிக்கூடம் வருஷத்துக்கு ஒருமுறை தெருவில் இறங்கி ஊருக்குக் கணக்குக் காட்டியது.

ஆனால் எந்தத் தெருவில்? மன்றோவின் கணக்கில் ஆண்பிள்ளைகள் 1,84,110 பேர், பெண்பிள்ளைகள் 4,540 பேர். கலெக்டர்களின் பட்டியல்படி, தமிழ் மாவட்டங்களில் படித்தவர்களில் பெரும்பான்மையோர் பிராமணர் அல்லாத சாதிப் பிள்ளைகளே. ஆனால் சேரிப் பிள்ளைக்குப் பெரும்பாலான ஊர்களில் திண்ணை ஏற வழியே இல்லை. கோலாட்டக் கழியின் ஓசை சேரி வரை கேட்டிருக்கும், ஊர்வலம் அங்கே போயிருக்காது. கிறித்தவ மிஷன் பள்ளிகளும், 1894-இல் அடையாறில் கர்னல் ஆல்காட் தொடங்கிய பஞ்சமர் பள்ளியும் திறந்த கதவை அந்தத் திண்ணைகள் திறக்கவில்லை.

19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அரசு மானியம், ஆய்வாளர், அச்சுப் புத்தகம், பலகை என்று ஒவ்வொன்றாக வந்தன. மானியம் வேண்டுமானால் பாடத்திட்டத்தை ஏற்க வேண்டும். ஓலை போயிற்று, பின்னால் மணலும் போயிற்று. ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும் வழக்கம் வேரூன்றியதும், விஜயதசமிக்குச் சேரும் பிள்ளை பாடத்தில் நாலு மாதம் பின்தங்கியவனாகிவிட்டான். சடங்கு மட்டும் வீட்டிலும் கோயிலிலும் தங்கியது.

1939 நவம்பரில் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து, முந்நூறு பேர் அளவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் கொண்டுவந்த கருவிகளில் ஒன்று, பலகையில் உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி ஒட்டியது. குழந்தை விரலால் அதைத் தடவிக்கொண்டே எழுத்தின் ஒலியைச் சொல்ல வேண்டும். பென்சில் அதற்குப் பிறகுதான். எழும்பூர் விடுதிக்கும் அடையாறுக்கும் தூரம் அதிகமில்லை. பெல்லின் புத்தகம் வெளிவந்து அப்போது 142 ஆண்டு ஆகியிருந்தது.

2019 ஜனவரியில் தமிழக அரசு நடுநிலைப் பள்ளிகளோடு ஒட்டிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. அண்மை ஆண்டுகளில் விஜயதசமி விடுமுறை நாளிலும் அரசுத் தொடக்கப் பள்ளிகளைத் திறந்து வைத்துச் சேர்க்கை நடத்தியிருக்கிறார்கள். அன்று வருகிற குழந்தைகளில் சேரிப் பிள்ளையும் இருக்கிறது, பெண்பிள்ளையும் இருக்கிறது.

அதே காலையில் திருவாரூர் மாவட்டத்துக் கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் கூட்டம் நெரியும். புலவர் ஒட்டக்கூத்தரோடு சேர்த்துப் பேசப்படும் அந்தக் கோயிலின் மண்டபத்தில் தாம்பாளத்தில் நெல்லைப் பரப்பிக்கொண்டு பெற்றோர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். குழந்தை அகரத்தை எழுதி முடித்ததும் அழும், சிரிக்கும், அல்லது நெல்லை இரண்டு கையாலும் அள்ளும். பெரியவர் உள்ளங்கையால் நெல்லைச் சமப்படுத்தி, விரலை மறுபடி பிடித்து ஆவன்னாவுக்குப் போவார்.