அது சாக்கு இல்லை

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சேலையூரில் எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய மாணவி வந்திருந்தாள். பேர் வேண்டாம். எழுதலாமா என்று அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். 1996இல் ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். ஒரே பீரியடில் இரண்டு முறை "டீச்சர், வெளியே போகணும்" என்று எழுந்து நிற்பாள். கணக்குக்குப் பயந்து சாக்கு சொல்கிறாள் என்று நினைத்து, ஒரு நாள் விடாமல் உட்கார வைத்துவிட்டேன். அன்று வகுப்பில் அவள் பட்ட அவமானத்தை இங்கே எழுத மாட்டேன். அதன் பிறகு பத்து நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை.

வீட்டில் முதலில் சீதபேதி என்றார்கள், பிறகு மூலம் என்றார்கள். கல்லூரிக்குப் போன பிறகுதான் கொலனோஸ்கோபி செய்து 'அல்சரேட்டிவ் கோலைடிஸ்' என்று கண்டுபிடித்தார்களாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பெருங்குடலின் உட்சுவரைத் தாக்கிப் புண்ணாக்கும் நோய். ரத்தமும் சளியுமாகப் போகும். அவசரம் வந்தால் அடக்க முடியாது.

அவள் போன பிறகு இந்த நோயின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். ஆரம்பம் முதலே இதை வேறு எதுவோ என்றுதான் நினைத்திருக்கிறார்கள்.

1859இல் லண்டன் அருகே இசபெல்லா பேங்க்ஸ் என்ற பெண் வயிற்றுப்போக்கால் இறந்தார். கணவர் ஸ்மெத்தர்ஸ்ட் நஞ்சு வைத்தார் என்று வழக்கு. தூக்குத் தண்டனையும் விதித்தார்கள். ஆர்செனிக் இருந்தது அந்தப் பெண்ணின் உடம்பில் அல்ல, சோதனைக்குப் பயன்படுத்திய செம்பில் என்று தெரிந்தது. கடைசியில் அவர் தூக்கிலிருந்து தப்பினார். அந்தக் குடலைப் பரிசோதித்த டாக்டர் சாமுவேல் வில்க்ஸ், பெருங்குடல் முழுக்கப் புண் என்று எழுதினார். இந்த நோயின் முதல் மருத்துவக் குறிப்புகளில் அதுவும் ஒன்று.

20ஆம் நூற்றாண்டில் இதை மனக்கோளாறு என்றும் சொல்லிப் பார்த்தார்கள். மருந்து வந்தது வேறு வழியில். சுவீடனின் நான்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் மூட்டுவலிக்காக உருவாக்கிய சல்ஃபாசலசின் 1940களில் குடலுக்கும் கேட்டது. 1955இல் ஆக்ஸ்ஃபோர்டின் ட்ரூலவ், விட்ஸ் இருவரும் 210 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு கார்டிசோன், மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. கார்டிசோன் உயிர் காத்தது.

நம் நாட்டில் வேறு சிக்கல். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனை எல்லோருக்கும் தெரியும். 1928இல் டாக்டர் சவுரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பேர் அது. காசநோய் நுரையீரலில் மட்டும் வருவதில்லை, குடலிலும் வரும். இதே குடும்பத்தைச் சேர்ந்த 'கிரோன்' நோயும் குடல் காசநோயும் கேமரா வைத்துப் பார்த்தாலும் ஒன்றுபோல இருக்கும். கிரோனுக்குத் தரும் ஸ்டீராய்டைத் தவறிப்போய்க் காசநோயாளிக்குக் கொடுத்தால் காசநோய் முற்றிவிடும். டாக்டர்கள் திரும்பத் திரும்ப டெஸ்ட் எழுதினால் அலுத்துக்கொள்ளாதீர்கள்.

இது வெள்ளைக்காரர்களின் நோய் என்றே வெகுகாலம் நம்பினார்கள். பஞ்சாபில் 51,910 பேரிடம் எடுத்த கணக்கில் 23 பேருக்கு அல்சரேட்டிவ் கோலைடிஸ் இருந்தது என்று 2003இல் ஆய்வு வந்தது. லட்சத்துக்கு 44 பேர்.

இன்று இதை அடியோடு போக்கும் மாத்திரை இல்லை. ஆனால் மருந்தை விடாமல் சாப்பிட்டால் கட்டுக்குள் இருக்கும். என் மாணவி வேலைக்குப் போகிறாள், இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறாள். நான் மன்னிப்புக் கேட்டபோது, "விடுங்க டீச்சர், அப்போ எனக்கே தெரியாதே" என்றாள்.

ரத்தம் போனால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மூலம் என்று நீங்களே முடிவு செய்து கடையில் மருந்து வாங்காதீர்கள். உடம்பு தேறிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஆசிரியர் வேலைக்குப் போயிருக்கும் என் பிள்ளைகளே, வெளியே போகணும் என்று ஒரு குழந்தை கேட்டால் உடனே அனுப்புங்கள்.